தண்டலின் முழுத் துப்பாக்கியும் என் உதிரித் துப்பாக்கியும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் சொந்தக் கையால் துப்பாக்கி செய்தவன் நான் ஒருவன்தான். ஆபீசில் கணக்கெழுதும், இங்கிலீஷ் படித்த கிராணி செய்தாரா? இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி பன்றிக்காக. அரிசி இல்லாத காலம். காலையில் மரவள்ளி, இரவில் அதே மரவள்ளி. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நான் போட்டிருந்த கிழங்குக் கொல்லைக்குக் காட்டுப்பன்றிகள் வரிசையாக வந்து போயின. காலையில் பேர் கூப்பிடும் எங்கள் பெரட்டில்கூட ஆட்கள் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை தப்பி ஓடும்போது, பங்களாச் சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த பழங்காலக் கைத்துப்பாக்கியை உடைத்துக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டுப் போயிருந்தார். குழியைக் கிளறினேன். ஒன்றரைச் சாண் நீளத்துக்குக் குழல் கிடைத்தது. விசையும் கிடைத்தது. கைப்பிடி இல்லை, கொய்யாக்கட்டையில் நானே செதுக்கினேன். குழலின் பின்பக்கம் அடைப்பும் இல்லை. பால்மரம் வெட்டுகிறவனுக்கு எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்துதான். மரத்தில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உருட்டித் திணித்தேன். என்ன பொருத்தம்! சுட்டால் குண்டு பன்றிப் பக்கம் போகுமா, என் மூக்குப் பக்கம் வருமா என்று அப்போது யோசிக்கவில்லை. நல்லவேளை, வெடிமருந்து கிடைக்கவில்லை.

எங்களை வேலை வாங்கும் தண்டலுக்கு இது பொறுக்கவில்லை. லுக்குட் டவுனில் ஒரு வியாபாரியிடம் கறவை ஆட்டையும் மனைவியின் தையல் மிஷினையும் கொடுத்து ஒரு முழுத் துப்பாக்கியை வாங்கி வந்தார். இடுப்புச் சாரத்தில் சொருகிக்கொண்டு என் கொல்லைக்கே வந்தார்.

"பார்த்தியாடா? குறை ஒன்னுமில்லாத சாமான். உன்னோடது என்னா லா? பின்னால ரப்பரு, முன்னால ஓட்டை. துப்பாக்கியா, ஊதாங்குழலா?"

"உங்களோடதுக்குக் குண்டு எங்க அண்ணே?"

"அடுத்த வாரம் தர்றேன்னிருக்கான்."

"அதுவரைக்கும் பன்றிகிட்ட தவணை சொல்லி வையுங்க."

அடுத்த வாரம் குண்டு வரவில்லை. ஜப்பான்காரன்தான் வந்தான்.

காலைப் பெரட்டில் கிராணி சொன்னார்: "சிரம்பான்லேர்ந்து லோரி வருது. வீடு வீடா சோதனை. ஆயுதம் இருந்தா தலை இருக்காது."

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான். தலை தேவைப்பட்டது. வீட்டுக்கு ஓடினேன். நான் பூட்டியதை எனக்குப் பிரிக்கத் தெரியாதா? விசை, பால் வாளி மாட்டும் கொக்கியானது. கொய்யாப்பிடி என் உளிக்குப் பிடியானது. குழல்தான் மிச்சம். எங்கே ஒளித்தாலும் அது குழலாகவே தெரிந்தது. அப்போதுதான் தண்டலின் கிண்டல் நினைவுக்கு வந்தது. ஒட்டுப்பாலைக் குத்தித் தள்ளிவிட்டுக் குழலை மனைவியிடம் நீட்டினேன். "ஊது."

அந்த நேரம் தண்டல் பின்வாசலில் வந்து நின்றார். சாரம் தனியாக ஆடியது; கால்கள் தனியாக ஆடின.

"தம்பி, நீ கெட்டிக்காரன். இதையும் பிரிச்சுக் குடுடா ராசா."

அதுவரை 'டேய்' என்றவர், அன்றைக்குத்தான் 'தம்பி' என்றார். முறுக்கிப் பார்த்தேன். ஓர் ஆணிகூட அசையவில்லை. முழுச் சாமான் அல்லவா? துரு அதை ஒரே கட்டியாக்கியிருந்தது.

"அண்ணே, ரப்பர்ப்பால் ஸ்டோருக்கு ஓடுங்க. பால் தொட்டியில போட்டு அசிட்டை ஊத்துங்க. அரை மணி நேரத்துல பால் உறைஞ்சிடும். உள்ள என்னா இருக்குன்னு சாமிக்கும் தெரியாது."

ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகம் யாருக்கும் வராது.

ஒரு சிப்பாய் என் வீட்டுக்குள் வந்தான். பாயைப் புரட்டினான், கூரையைக் குத்தினான். ஈர விறகு, வீடெல்லாம் புகை. குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள் என் மனைவி. அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பசி போலிருக்கிறது, பானையைக் காட்டி என்னவோ அதட்டினான். இவள் ஊத ஊத நெருப்புப் பிடிக்கவில்லை. பயத்தில் வாயில் காற்று வந்தால்தானே! அவன் பொறுமையிழந்து குழலை அவள் கையிலிருந்து பிடுங்கினான்.

என் தலை கழுத்தை விட்டு அரை அங்குலம் கிளம்பிவிட்டது, சத்தியமாக.

அவன் மண்டியிட்டான். குழலை வாயில் வைத்தான். கன்னம் இரண்டும் பந்தாக உப்ப ஓர் ஊது ஊதினான். உள்ளே ஒட்டியிருந்த ரப்பர்த் துணுக்கு நெருப்பில் விழுந்து நாறியது. "புசுக்!" என்று, நாற்றத்துக்குத் தனக்குத் தெரிந்த ஒரே மலாய் வார்த்தையில் திட்டிவிட்டு மறுபடியும் ஊதினான். நெருப்பு பற்றியது. பல்லைக் காட்டிக் குழலைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு கிழங்கு தின்றுவிட்டுப் போனான். நான் செய்த துப்பாக்கியை ஜப்பான் ராணுவமே வாய் வைத்துச் சோதித்தது. இந்தப் பெருமை எந்த முழுத் துப்பாக்கிக்கு உண்டு?

ஸ்டோரில் வெள்ளை வெளேரென்று உறைந்த பால்கட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் லோரி ஏறினார்கள். மறுநாள் தண்டல் கட்டியை உளியால் அறுத்துத் துப்பாக்கியை எடுத்தார். அசிட்டில் ஊறி அது கருவாட்டுத் துண்டு மாதிரி ஆகியிருந்தது. ஆடு போனது, மிஷினும் போனது. அவர் மனைவி ஒரு வாரம் லயமே கேட்கும்படி பேசினாள்.

நான் மறுபடியும் பூட்டிவிடலாம் என்று குழலைக் கேட்டேன். என் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"என்னாங்க, உங்களுக்குப் பன்றி சாகணுமா, அடுப்பு எரியணுமா?"

அடுப்பு எரிந்தது. பன்றிகளும் வந்துகொண்டுதான் இருந்தன.