மர்ஜியா திருப்பிக் கேட்ட வாத்துகள்

லப்பைக்குடிக்காட்டில் பொம்மைக்கடை வைத்திருக்கும் மர்ஜியாவைக் கண்டால் மொத்த வியாபாரிகளுக்கே கொஞ்சம் பயம். பெட்டியைப் புரட்டிப் புரட்டி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுவாள். முத்திரை இருந்தாலும் விடமாட்டாள். கரடியின் கண்ணைப் பிடித்து இழுப்பாள், காரின் சக்கரத்தைத் திருகுவாள், பேட்டரி மூடியை நகத்தால் நெம்பிப் பார்ப்பாள். "பொம்மை வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" என்று பெரம்பலூர் வியாபாரி ஒருவர் கேட்டே விட்டார்.

அப்பேர்ப்பட்டவள் கோட்டை விட்டது சொந்தத் தம்பியிடம். துபாயிலிருந்து இரண்டு வருஷம் கழித்து வந்த கவுஸ், பாட்டுப் பாடும் வாத்து ஒன்பது கொண்டுவந்திருந்தான். பயணத்திலிருந்து வந்தவன் பெட்டியைப் பிரித்தால் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் ஏதாவது போயாக வேண்டும். ஒன்றைத் தன் ஒன்றரை வயது மகளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற எட்டையும் அக்காவிடம் கொடுத்தான். தம்பி கொண்டுவந்ததாயிற்றே என்ற பெருமையில் முத்திரையும் பார்க்காமல், மூடியும் பார்க்காமல் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான்காம் நாள், பாட்டு நின்றுவிட்டதென்று அந்த எட்டில் ஒரு வாத்து கடைக்கு வந்தது. மர்ஜியா புரட்டினாள். மூடியில் திருகாணியே இல்லை. நகம் பட்டதும் திறந்துகொண்டது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பேட்டரி. விழுங்கினால் ஓரிரு மணி நேரத்தில் தொண்டை வெந்துவிடும் என்று வியாபாரிகள் கூட்டத்தில் அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது.

கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது லேசான காரியமா? "குடுத்துட்டு மனசு வரலியாக்கும்?" என்று சாகிரா மாமி வாசலிலேயே கேட்டாள். மர்ஜியா கையிலிருந்த வாத்தின் மூடியை அவள் கண்முன்னே திறந்து காட்டினாள். மாமி உள்ளே போய்த் தன் வீட்டு வாத்தை எடுத்துவந்து நீட்டினாள். பொழுது சாய்வதற்குள் எட்டு வாத்தும் கைக்கு வந்துவிட்டன, ஒரு பேட்டரி குறையாமல்.

ஒன்பதாவது வாத்துக்காகத் தம்பி வீட்டுக்குப் போனாள். விஷயம் அவளுக்கு முன்பே அங்கே போயிருந்தது. கவுஸ் கொதித்தான்.

"நான் ஆசையாக் கொண்டாந்தத ஊரு பூரா குப்பைன்னு சொல்லிட்டியே, லாத்தா! அவ்வளவு பெரிய கடையில விக்கிறான், ஒனக்கு மட்டும் குத்தமாப் படுதா?"

"தப்பு எம்மேலதான்டா. பாக்காமக் குடுத்தேன். பேட்டரிய மட்டுமாவது கழட்டிடு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏழு வீட்டில் வாதாடாமலே சாதித்தவளுக்கு இந்த வீட்டில் கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு வரத் தெம்பில்லை. தம்பி என்றால் அவளுக்கு எப்போதுமே இந்த இளகிய மனசுதான். வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடைவாசலில் கவுஸ் நின்றான். காலில் செருப்பில்லை. இடுப்பில் மகள். மூடியிருந்த கையை அக்காவின் முன்னால் விரித்தான்.

"மூணும் இருக்கு, லாத்தா. எண்ணிப் பாத்துட்டேன்," என்றான். மகளை இறுக்கிக்கொண்டான். "ஒண்ண மட்டும் இவ வாய்க்குள்ளேர்ந்து எடுத்தேன்."