டாக்டரிடம் அத்தை கேட்டது

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதை நம் மின்னஞ்சல் குழுவுக்குத் தட்டுகிறேன்.

எனக்கு ஐந்தாம் மாதம். காலையில் டாக்டரிடம் போனோம். மடியில் மூத்தவள், நான்கு வயது, பிறவியிலேயே காது கேட்காது. கூட என் மாமியார். என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காவும் அவர்தான்.

"எங்க ஊட்ல யாருக்கும் இப்பிடி இல்லீங்க. இவ அம்மா வழியில வந்ததுங்க," என்றார் அத்தை, என்னைக் காட்டி.

"சொந்தத்துல கட்டியிருக்காங்க. ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சிருந்தது ஒண்ணு சேர்ந்திருக்கலாம். அடுத்ததுக்கும் வரலாம், வராமலும் போகலாம்," என்றார் டாக்டர்.

"ஏனுங்க, சீமையில ஒரு ஆட்டுல இருந்து அச்சு அசலா இன்னொரு ஆட்டையே செஞ்சுபோட்டாங்களாமா. இந்தக் கொறைய மட்டும் எடுத்துப்போட முடியாதுங்களா?"

"முடியாதுங்கம்மா."

"அப்பக் கலைச்சுப்போடலாமுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவளையும் வேண்டாம்னிருப்பீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

மகள் எங்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை எனக்கு வேணுங்க டாக்டர்," என்று எழுந்தேன்.

டவுன் பஸ்ஸில் அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு, விரலைக் குவித்து வாயருகே காட்டி, பசிக்கிறதா என்று கேட்டார். அவளும் கையாலேயே பதில் சொன்னாள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இருவரையும் வீட்டுக்கு அவிநாசி பஸ் ஏற்றிவிட்டு ஆபீஸ் வந்தேன்.

வீட்டில் இனி என்னோடுதான் பேச ஆளில்லை போல. சாயங்காலம் எந்த முகத்தோடு உள்ளே நுழைவது, சொல்லுங்கள்.