பின்னால் வராத விளக்கு

மலாய் நாட்டுக் காஜா பேராங் ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. அவர்களில் யாருக்காவது மலையேறிப் பார்க்கும் ஆசை வந்தால் நேரே நல்லையாவிடம்தான் போவார்கள். அவர் பொதுப்பணித்துறையில் தபால் பை கொண்டுபோகிற வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷங்கள், பிரேசர் மலைக்கு ஏறுகிற சாலை தொடங்கும் கோலகுபுவில் இருந்தவர். அவசரகாலத்தில் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் எப்போது சுடுவார்களோ என்று லாரிக்காரர்களே கடவுளைக் கும்பிட்டு ஏறிய அந்த மலைச்சாலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஒற்றையாளாகப் போய் வந்தவர். எந்த வளைவில் மண் சரியும், எங்கே பாசி படிந்து சக்கரம் வழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷமே, ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு விடுமுறைப் பயணங்கள் போக ஆரம்பித்தார். போர்ட்டிக்சனுக்கு ஒரு முறை, தம்பினுக்கு ஒரு முறை. காசுக்காகச் செய்யவில்லை. பின்னால் ஒரு கூட்டம் தன்னை நம்பி வருகிறது என்ற நினைப்பே அவருக்குப் போதுமாக இருந்தது. தையற்கடைக் கருணாகரன் அவரைக் 'கெத்துவா' என்று கூப்பிடப் போக, தலைவர் என்ற அந்த மலாய்ச் சொல்லே அவர் பேராக நிலைத்துவிட்டது. கெத்துவா வகுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். விளக்கு காணோமென்றால் அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

அந்த வரிசையில் எப்போதும் கடைசியாக வருபவன் இராமலிங்கம். பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரரோடு கலந்துவிட்ட தமிழர்கள் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவன். வீட்டில் பேசுவது மலாய்தான்; சாமி கும்பிடும்போது மட்டும் நாலு தமிழ்ச் சொல் வரும். நில அளவை அலுவலகத்தில் சங்கிலி பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடக்கிற வேலை. நிதானமான ஆள். நல்லையாவை 'அபாங்', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். யாருடைய வண்டி நின்றாலும் கூடவே நின்று உதவுவான் என்பதால்தான் அவனைக் கடைசியில் வைத்திருந்தார் நல்லையா.

அவசரகாலம் முடிந்ததாக அறிவித்த வருஷம், சுதந்திர தின விடுமுறைக்குப் பிரேசர் மலைக்குப் போவதென்று முடிவாயிற்று. நல்லையாவின் மனைவி சந்திரமதியும் வண்டியின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். குளிர் என்றால் எப்படியிருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை.

பிரேசர் மலையின் கடைசி ஐந்து மைல் ஒரு வண்டி போகிற அகலம்தான். அதனால் அது தொடங்குமிடத்தில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் மேலே போகிறவர்களை விடுவார்கள். பிறகு அடைத்துவிட்டு, கீழே வருகிறவர்களை விடுவார்கள். தவறவிட்டால் ரோட்டோரத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அன்றைக்குச் சிரம்பானில் ஒருவன் டயர் பஞ்சரானது. கோலாலம்பூரில் கருணாகரன் சாப்பாட்டுக் கடையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேனென்றான். கோலகுபுவைத் தாண்டும்போது மழையும் பிடித்துக்கொண்டது. "கதவு அடைபடுவதற்குள் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு" என்று நல்லையா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சொன்ன சொல் அவரை விரட்டியது.

பனிமூட்டம். பகலிலேயே எல்லோரும் விளக்குப் போட்டுக்கொண்டார்கள். கதவுக்கு இரண்டு மூன்று மைல் இருக்கும்போது, ஒரு கொண்டைஊசி வளைவில் சந்திரமதி அவர் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, கடைசி விளக்கைக் காணோம்."

நல்லையா வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். கீழே வளைவு வளைவாக மற்ற விளக்குகள் வந்துகொண்டிருந்தன. கடைசி விளக்கு இல்லை. அவர் பார்த்தார், எண்ணினார், ஒன்று குறைவதும் தெரிந்தது. சுருட்டுப் பற்ற வைக்க நின்றிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த மழையில் சுருட்டு எப்படிப் பற்றும் என்று அவர் மனசிலேயே ஒரு குரல் கேட்டது. அதுவும் அவர் காதில் விழுந்தது.

"வருவான்" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினார். மழைக்குத் தலை கவிழ்ந்து வந்த மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு அடைபடுகிற தறுவாயில் உள்ளே நுழைந்தார்கள். காவலாளி கையசைத்தான், கருணாகரன் கைதட்டினான். மேலே, ஓய்வு விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எல்லோருக்கும் குளிரும் சந்தோஷமுமாக இருந்தது. இராமலிங்கம் கதவைத் தவறவிட்டிருப்பான், அடுத்த முறையில் ஏறி வந்துவிடுவான் என்றார்கள். அடுத்த முறை கதவு திறந்து வண்டிகள் ஏறி வந்தன. இராமலிங்கம் அவற்றில் இல்லை. நல்லையா எழுந்து போய் வண்டியருகே நின்றார். கீழே போகிற முறைக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்தார். சந்திரமதியும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அந்தக் கொண்டைஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, ஈரமண்ணில் ஒரு சக்கரத் தடம் ரோட்டை விட்டு இறங்கியிருந்தது. பள்ளத்தில் ஓடைப் பாறைமேல் வண்டி விழுந்து கிடந்தது. வண்டிக்கு அடியில் இராமலிங்கத்தின் கால் மாட்டியிருந்தது. நினைவு இருந்தது. மழை முழுவதும் அவன்மேல்தான் பெய்திருக்கிறது. நல்லையாவின் முகத்தைக் கண்டதும், குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள, "அபாங் வந்துட்டீங்களா" என்றான் மலாயில். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

லாரி ஒன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் நடைவழியில் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, அது அவர் தொழில் பேச்சு. அதைக் கேட்டவர்கள் நல்லையாவும் சந்திரமதியும் மட்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நல்லையாவால் தாங்க முடியவில்லை. இராமலிங்கம் தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னான். அபாங் மலையிலிருந்து தேடி வந்தார். பள்ளத்தில் இறங்கி வண்டியைத் தூக்கினார். அவர் வரவில்லையென்றால் நான் அங்கேயே செத்திருப்பேன். கதை காஜா பேராங் முழுக்கப் பரவியது. கடைத்தெருவில் பெரியவர்கள் நல்லையாவை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இராமலிங்கத்தின் மனைவி காமாட்சி, மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயா சட்டையும் சாரோங்குமாக வந்து, ஒரு கூடை நிறையப் பலகாரம் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பலகாரத்தை நல்லையாவால் வாயில் வைக்க முடியவில்லை. சந்திரமதி அதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. அவள் குத்திக் காட்டவும் இல்லை. ஆனால் அவள் மறுபடி அந்த வண்டியில் ஏறவே இல்லை. சந்தைக்குப் போனால் பஸ்ஸில் போனாள், கோயிலுக்கு நடந்தாள். நல்லையா வண்டியைக் கிளப்பும்போது கதவோரம் நிற்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இராமலிங்கத்தை அலுவலகத்திலேயே ஒரு மேசைக்கு மாற்றினார்கள். காடு மேடு சுற்றியவனுக்கு அது சிறையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவன் முகத்தில் கசப்பு இல்லை. யாராலும் தடுத்திருக்க முடியாத ஒன்று நடந்தது, உயிர் மிஞ்சியது என்று நம்பி அவன் நிமிர்ந்து நின்றான்.

மறு வருஷம் சுதந்திர தினம் நெருங்கியது. பள்ளிக்கூட மண்டபத்தில் நல்லையாவுக்கு மாலை போட்டுப் பாராட்டுவதென்று கருணாகரன் ஏற்பாடு செய்தான். மாலையை இராமலிங்கம் கையால் போடுவதாகத் திட்டம். கேட்டதும் நல்லையா கருணாகரன் கடைக்கு ஓடினார். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கம்போங் செட்டிக்கு நடந்தே போனார்.

இராமலிங்கம் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நல்லையா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். விளக்கைக் காணோமென்று சந்திரமதி சொன்னது, தான் திரும்பிப் பார்த்தது, தெரிந்தே போனது, கதவு, டாக்டர் சொன்னது, எல்லாம். மலாயில் சொல்லும்போது அவர் சொற்கள் தடுமாறின.

இராமலிங்கம் பக்கத்திலிருந்த ஊன்றுகோலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அக்காவுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"ஒரு வருஷமாக ரெண்டு பேரும் சுமந்தீர்கள். இப்போது இறக்கிவைக்க என் வீடுதான் கிடைத்ததா, அபாங்?" அவன் குரல் உயரவில்லை. "யாராலும் அதைவிடச் சீக்கிரம் வந்திருக்க முடியாது என்று நினைத்துத்தான் இந்தக் கட்டையை ஊன்றி நடந்துகொண்டிருந்தேன். இனி ஒவ்வொரு தடவை ஊன்றும்போதும் உங்கள் முகம்தான் ஞாபகம் வரும். போய்விடுங்கள்."

நல்லையா வெளியே வந்தார். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்துப் போனவர், இரண்டு பங்காகச் சுமந்துகொண்டு திரும்பினார். மறுநாள் மாலை போட இராமலிங்கம் வராததால் விழா நடக்கவில்லை. காரணத்தை இராமலிங்கம் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை என்று கருணாகரன் நினைத்துக்கொண்டான். நல்லையாதான் கருணாகரனிடமும் மற்றவர்களிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னார். சிலர் சமாதானம் சொன்னார்கள். சிலர் ஒதுங்கிப் போனார்கள். கெத்துவா என்று கூப்பிடுவது தானாக நின்றுபோயிற்று. அது நியாயம் என்றுதான் அவருக்குப் பட்டது.

பயணங்கள் நிற்கவில்லை. வேறு ஒருவர் முன்னால் போனார். தேவைப்பட்டால் பழுது பார்க்கவென்று நல்லையா கூடப் போவார். பேச்சுக் குறைந்த ஆளாகிவிட்டார். கம்போங் செட்டி வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவார். சந்திரமதி மட்டும் காமாட்சியைப் பார்த்து வருவாள். பெண்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஆறேழு வருஷம் கழித்து இராமலிங்கத்தின் மூத்த மகளுக்குக் கல்யாணம். காமாட்சி வந்து சந்திரமதியிடம் வெற்றிலைத் தட்டை நீட்டி அழைத்தாள். "வீட்டோடு வாருங்கள்" என்றாள். வீட்டோடு என்ற சொல்லைச் சந்திரமதி கணவரிடம் இரண்டு முறை சொன்னாள். அவர் வர மாட்டேனென்றார். "நீங்கள் வராமல் நான் போக மாட்டேன்" என்று அவள் சேலையை மடித்து வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கிளம்பினார்.

பந்தியில் கூட்டத்துக்கு மறைவாக ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். இலை போட்டார்கள், சோறும் சம்பலும் வந்தன. கை வைக்காமலே இருந்தார். ஊன்றுகோல் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சத்தம் அவர் எதிரே வந்து நின்றது.

இராமலிங்கத்தின் தலை நரைத்திருந்தது. அவன் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, இங்கே குழம்பு ஊற்று என்றான்.

"ஆறிப்போகும். சாப்பிடுங்கள், அபாங்" என்றான்.

அவ்வளவுதான். அடுத்த இலைக்குப் போய்விட்டான். அதை மன்னிப்பு என்று நல்லையா ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. மகள் கல்யாணத்தில் யாரும் பட்டினியாக எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் நினைத்திருக்கலாம். ஆனாலும் இலையில் போட்டதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.