ஆட்டுப்பால் குடிக்காத பக்கி

நசீமா டீச்சர் இந்தக் கோடையைத் தாண்டமாட்டார் என்று நான் முன்பே சொன்னேன். பொங்கல் கழிந்து எங்கள் காட்டுக்கு வந்தவர், படலைத் திறந்து வேப்பமரத்தடிக்கு வருவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினார். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருந்தபோது நம் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் சாவுச் செய்திக்கு அழுகை வருவதில்லை. அசதிதான் வருகிறது.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்து, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் பக்கம் என் கொறங்காட்டுக்கு வந்துவிடுவார். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. அதில் இல்லாத பறவை தமிழ்நாட்டிலேயே இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் அவர் பார்த்த பறவைகளில் பாதியை நான்தான் காட்டிக்கொடுத்தேன். நீங்களே சாட்சி.

நான் பறவையைக் காட்டுவேன், அவர் அதன் லத்தீன் பெயரைப் பிரித்துச் சொல்வார். என் மாட்டின் காலடியிலேயே நடந்து, புல்லிலிருந்து எழும்பும் பூச்சியைக் கொத்தும் உண்ணிக்கொக்குக்கு மாடு மேய்க்கிறவன் என்று பெயராம். ஓர் ஆள் கூலி மிச்சம் என்றேன். மைனாவுக்கு வெட்டுக்கிளி வேட்டைக்காரன் என்று பெயர். அதன் பின்பாதிக்குச் சோகமானவன் என்று அர்த்தமாம். எங்கள் காட்டு மைனா சந்தைக் கூட்டத்தையே பேசித் தோற்கடிக்குமே, அதற்கா சோகம் என்று கேட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “பாதிப் பேரு பறவையைச் சொல்லுமுங்கண்ணா. மீதிப் பாதி, பேரு வெச்சவரைச் சொல்லும்.”

அந்த மீதிப் பாதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், காய்ந்த சருகு போலத் தரையில் ஒட்டிக் கிடந்த பக்கி என்கிற இராப்பறவை ஒன்றைக் காட்டினேன். ஆட்டுப்பால் குடிப்பது என்பதுதான் அதன் பெயருக்கு அர்த்தம் என்று டீச்சர் ஆரம்பித்தார். அதற்குள் நான் உங்களுக்கு டீ சொல்ல எழுந்துபோய்விட்டேன். மறுநாள் கடை பெஞ்சில் கிடைத்த பாதியை முழுசாக்கி விற்றேன். பக்கி ஆட்டு மடியில் வாய் வைக்கிறது, விஞ்ஞானிகளே பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று. மழை பொய்த்து ஆடுகளுக்குப் பால் சுண்டிக்கிடந்த சமயம் அது. பக்கத்துக் காட்டுப் பழனிச்சாமியும் ஆட்களும் தடியெடுத்தார்கள். பக்கி கூடு கட்டாது, வெறுந்தரையில்தான் முட்டையிடும். தேடித்தேடி மிதித்தார்கள்.

கேள்விப்பட்டு டீச்சர் தனியாக பஸ் ஏறி வந்தார். கோபத்திலும் அவருக்கு மரியாதை குறையாது. “ஏனுங்கண்ணா, நான் பாதி சொல்லும்போதே எந்திரிச்சுப் போயிட்டீங்களே” என்றார், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் எல்லோரையும் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஆடுகளைச் சுற்றிப் பூச்சி மொய்த்தது. பக்கி அகல வாயைத் திறந்துகொண்டு அதற்குள் பாய்ந்து பாய்ந்து போனது. அந்தக் காலத்து ஆட்கள் ஆட்டுக்குப் பக்கத்தில் இதைப் பார்த்துவிட்டுக் கட்டிய கதைதான் அந்தப் பெயர் என்று விளக்கினார்.

பழனிச்சாமி விடவில்லை. “தப்புன்னு தெரிஞ்சா பேரை மாத்திப்போட்டிருக்கோணுமில்லீங்க?”

மாற்ற மாட்டார்கள், அர்த்தம் தப்பானாலும் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அதுதான் விதி என்றார் டீச்சர். உண்மை அதுதான். அதிலேயே தோற்றும் போனார். “தப்புன்னு தெரிஞ்சும் படிச்சவங்க வெச்சிருப்பாங்களாக்கும்” என்று பழனிச்சாமி எழுந்து தடியைத் தேடினான். டீச்சர் வேலிக்கால்மேல் கையை ஊன்றி நின்றார். அவ்வளவு களைத்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் எழுந்தேன். பெயரை மாற்றிவிட்டார்கள், வெளிநாட்டில் பெரிய கூட்டம் போட்டு மாற்றினார்கள், டீச்சருக்கே இன்னும் தாக்கல் வரவில்லை, இனிமேல் அதற்குப் பட்டிக்காவலன் என்றுதான் பேர் என்று ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டேன். ஆட்டைக் கடிக்கிற பூச்சியைத் தின்கிறதல்லவா, அதனால்தான் அந்தப் பெயர் என்றேன். பழனிச்சாமி டீச்சர் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லும் பாம்பின் நீளத்தைக்கூடத் திருத்தாமல் விடாதவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தடி கீழே விழுந்தது.

பஸ் ஏறும்போது சொன்னார்: “பேரு பொய்யா இருந்துட்டுப் போகட்டுமுங்கண்ணா. பறவை நெசமாத் தப்பிச்சுக்கிச்சு.”

இன்றைக்கும் பழனிச்சாமி அதைப் பட்டிக்காவலன் என்றுதான் சொல்கிறான். இந்த வருஷமும் என் காட்டுத் தரையில் முட்டை இருக்கிறது. வந்து பாருங்கள், பார்த்து மட்டும் நடங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் டீச்சருக்கு எழுதியது ஆகாது. பஸ் ஏறும்போது அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. “வாரேனுங்க” என்றார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு வந்தும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பேசாமை ஒன்றுதான். அதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் அந்த வாக்கியம். சரியா தப்பா என்று சொல்ல இனி ஆளில்லை.