ஓடணுமா, நிக்கணுமா

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விருதுநகர் போய் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுவேன். முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஆட்டம் அது. அணிக்கு ஐந்து பேர். எல்லோர் இடுப்பிலும் ரிப்பன் தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் ரிப்பனை எதிராளி உருவிவிட்டால் ஓட்டம் அத்தோடு நின்றது. அதற்குமுன் எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்குள் போய்விட்டால் புள்ளி.

எங்கள் பெண்கள் அணியில் பந்தை எறிவது நான். யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று படம் போடுவதும் நான்தான். எறிந்த பந்தைப் பிடிப்பவர்களில் மிக வேகமானவர் என் மதினி, அண்ணன் மனைவி. மல்லாங்கிணற்றில் அப்பா வீட்டில் இருந்தபோது ஓட்டப்பந்தயங்களுக்குப் போனவர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்ததும் நான் அவரை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. "புதுப் பொண்ணு கால ஒடிச்சுக்கிட்டு வந்தா அவக அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். மதினி பந்துக்காகத் துள்ளும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

மதுரை அணியோடு ஆட்டம் வந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. மதுரைக்காரர்கள் ஆளுக்கு ஆள் காவல் நிற்பார்கள். நாம் எங்கே ஓடினாலும் ஒருத்தி கூடவே ஒட்டிக்கொண்டு வருவாள். அதை உடைக்க வழி உண்டு. நம் ஆட்கள் இருவரைக் குறுக்கே எதிரெதிராக ஓடவிட்டால், துரத்தி வருகிறவர்கள் ஒருவர் பாதையில் ஒருவர் வந்து தடுமாறுவார்கள். அந்த நொடியில் பந்தை எறிய வேண்டும். வீணான காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் அந்தக் குறுக்கு ஓட்டங்களைத்தான் வரைந்து தள்ளியிருந்தேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். எங்கள் குறுக்கு ஓட்டப் பயிற்சியை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்.

"ஒன் மதினி ஓடுறத எம்புட்டுப் பேரு பாத்திருக்காக பாரு!"

"அண்ணே, மதுரைக்காரக பாத்திருந்தா?"

"அவுகளுக்கு வேற சோலி இல்லையாக்கும்?"

வாங்கிப் பார்த்தேன். விருப்பக்குறி போட்டிருந்தவர்களில் மதுரை அணியின் கேப்டனும் இருந்தாள். அண்ணன் முகம் செத்துப்போனது. உடனே வீடியோவை அழித்தார். அழித்து என்ன செய்ய?

மறுநாள் பயந்தபடியே ஆனது. மதுரைக்காரர்கள் யாரையும் துரத்தவில்லை. ஆளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு என் கண்ணையே பார்த்து நின்றார்கள். எங்கள் பெண்கள் குறுக்கே ஓடி ஒருத்தியிடமிருந்து தப்பி இன்னொருத்தியிடம் போய் நின்றார்கள். நான் முதலில் எறிந்த பந்தையே அவர்கள் பிடுங்கிக்கொண்டு போய்ப் புள்ளி எடுத்தார்கள்.

இடைவேளையில் மதினி தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னிடம் வந்தார்.

"நீ வரைஞ்ச எடத்துக்குத்தான் தாயி ஓடுறேன். அங்கன முன்னாடியே ஒருத்தி நிக்கிறா."

"அவுக எடத்தக் காக்குறாக மதினி. ஓடிக்கிட்டே இருந்தா அடுத்தவகிட்டப் போய் மாட்டிக்கிருவீக. ரெண்டு பேருக்கு நடுவுல சந்து கெடச்சா நின்னுருங்க."

"நடுவுல அவளுக மறுபடி ஆளத் தொரத்துனா?"

"அப்ப நிக்காம ஓடணும்."

"ஓடணுமா, நிக்கணுமான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"ஒங்களுக்கு எதுக்க நிக்கிறவ மூஞ்சியப் பாருங்க. ஒங்களப் பாத்துத் திரும்புனா ஓடுங்க. என்னையவே பாத்துக்கிட்டிருந்தா நில்லுங்க" என்றேன்.

சொல்வது சுலபம். அவர் நின்ற பிறகு எறிந்தால் நேரம் போய்விடும். அவர் நிற்பார் என்று நம்பி முன்கூட்டியே எறிய வேண்டும். இருவரும் ஒரே முகத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். முதல் தடவை சந்தில் எறிந்தேன், மதினி ஓடிவிட்டார். பந்து யாருமில்லாத தரையில் உருண்டது. அடுத்த தடவை நின்றார், பிடித்தார், ரிப்பனில் கை படுமுன் கோட்டைத் தாண்டினார். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினோம்.

கடைசி வாய்ப்பு வந்தபோது இன்னும் பின்தங்கித்தான் இருந்தோம். பந்து என் கைக்கு வரும்வரை மதினிக்கு எதிரே நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் மதினி பக்கம் திரும்பினாள். மதினி அதைப் பார்த்தாரா? கத்திச் சொன்னால் அவளுக்கும் கேட்கும். கடைசிக் கட்டத்தின் மூலையில் ஆளில்லாத இடத்துக்குத் தூக்கி எறிந்தேன். அவர் நின்றிருந்தால் எல்லாம் முடிந்தது.

மதினி ஓடினார். காவலுக்கு நின்றவளை முந்திக்கொண்டு போய், பந்தோடு சேர்ந்து மண்ணில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. நான் பதறி ஓடினேன்.

"மதினி, கால் அசையுதா?"

"கால் கெடக்கட்டும். கோட்டுக்கு உள்ளயா, வெளியவா?"

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஜெயித்துவிட்டோம். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான்.

மாநிலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அந்த அணியில் ஒருத்தி மட்டும் மதினியை விடாமல் துரத்தினாள். மற்றவர்கள் இடத்தைக் காத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மதினி கேட்டார்: "நின்னாலும் ஒருத்தி வந்துருறா, ஓடுனாலும் அங்கன இன்னொருத்தி நிக்கிறா. அப்ப என்னதான் செய்ய?"

"யோசிக்கிறேன் மதினி" என்றேன். அடுத்த மாதம் பயிற்சி தொடங்குகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.