பொட்டு வைத்த ஆர்கன்

முதல் ஷிப்ட் பஸ்ஸில் பாதித் தூக்கம், மிஷின் முன்னால் நின்றபடி மீதித் தூக்கம். ஓசூரில் என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. அப்படிப்பட்டவனுக்கு மரவேலை எதற்கு? இருக்கிற முதுகுவலி போதாது என்று நினைத்தேனோ என்னவோ.

செய்தது ஒரு கைப்பிடி ஆர்கன். கைப்பிடியைச் சுற்றினால் அடியில் இருக்கும் துருத்தி காற்றை ஊதும், மேலே துளை போட்ட காகிதச் சுருள் நகரும். துளை வருகிற இடத்தில் காற்று அதற்குரிய மரக்குழாய்க்குள் போய்ப் பாடும். வெளிநாட்டு மிஷின்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளை உடைத்து விற்கிற கடையில் பலகை கிடைத்தது. துருத்திக்கு, சோபா தைப்பவரிடம் ரெக்ஸின். வேலை நடக்க நடக்க அது எங்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் தரைக்கு வந்தோம். ஊத்தங்கரைக்காரியான என் மனைவி அதற்கு வைத்த பெயர் விறகு.

“ஆயுத பூஜைக்குள்ள இது பாடலீன்னா வெந்நீர் பாய்லருக்குள்ள போவும். சொல்லிட்டேன்.”

பூஜைக்கு முந்தின நாள் எல்லாக் குழாயும் பாடியது. அந்தத் திமிரில், கச்சேரி இருக்கு வாங்க என்று செக்‌ஷன் ஆட்களை வீட்டுக்கு அழைத்துவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில் பூசணிக்காய் உடைத்த கையோடு, பொரிப் பொட்டலத்துடன் வந்து உட்கார்ந்தார்கள். மனைவி சுண்டல் கொடுத்தாள். நான் சுற்றினேன்.

ஸ்ஸ்ஸ். வெயிட் போடாத குக்கர் மாதிரி.

“பாட்டு எப்பண்ணா ஆரம்பிக்கும்?” என்றான் எங்கள் ஃபிட்டர்.

“இது முன்னாடி வர்ற மியூசிக்குடா.”

வேகமாகச் சுற்றினேன். ஸ்ஸ்ஸும் வேகமாக வந்தது. கண்ணுக்குள் பாய்லர் புகைந்தது. துருத்திதான் கிழிந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, கத்தியை எடுத்து ரெக்ஸினை ஒரே இழுப்பில் அறுத்தேன். அதில் எந்தக் கிழிசலும் இல்லை. இப்போது இருந்தது. மிஷினைப் பிரிக்கும் முன் வெளியே நன்றாகப் பார் என்று செக்‌ஷனில் எல்லோருக்கும் ஓதுகிறவன் நான்தான்.

ஃபிட்டர் குனிந்து பார்த்தான். “அண்ணா, கொழாய் வாயில எல்லாம் என்னாண்ணா, சந்தனமா?”

பைன் மரமும் சந்தனமும் ஒரே நிறம். காற்று வெளிவரும் மெல்லிய பிளவெல்லாம் காய்ந்து அடைத்திருந்தது. எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள்.

“மிஷினுன்னா பொட்டு வெக்கமாட்டாங்களா? நீங்க குளிக்கப் போனப்ப வெச்சேன். குங்குமம் உங்க பைக்குக்கே தீந்துபோச்சு.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “கெட்டியாக் கொழைச்சிட்டேனா?” என்றாள்.

மிஷின் என்று அவள் சொன்னது அன்றுதான் முதல்முறை. கோபப்பட வாயைத் திறந்தேன். “ஊக்கு இருக்கா?” என்றுதான் வந்தது.

ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டினோம். கிழிசலை அவள் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். சுற்றினேன். பாதிக் குழாய்கள் பாடின, மீதி இருமின.

“இதுக்கா இத்தினி நாளு கட்டிலு?”

“கையை எடுக்காத, காத்து போவுது.”

“நான் எடுக்கலீங்க. நீங்க சுத்துங்க.”

தோள் கழன்றுவிடும் போலிருந்தது. காகிதம் தீரும்வரை சுற்றினேன். எல்லோரும் போன பிறகு சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு பாய்லருக்கு வெறகு வாங்கிட்டு வாங்க.”