பிறந்தநாள் மீன்கள்

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வெகுதூரம் உள்ளே போனால் வரும் ஒரு பண்ணை வீட்டில் கொஞ்ச காலம் இருந்தேன். அதற்கு முன் நியூஜெர்சியில் பெட்ரோல் பங்க், சான்டா கிளாராவில் ஹோட்டல் சமையலறை, டெக்சாஸ் வந்த பிறகு ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை. கிடங்கை மூடியதும் காரிலேயே தூங்கினேன். டெக்சாஸ் கோடையில் காரில் தூங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூக்கம் வராது, அவ்வளவுதான்.

ஹலால் இறைச்சியும் மளிகையும் விற்கும் ஒரு நாகூர்க்காரர் எனக்குப் பழக்கம். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். ஒரு நாள் கடைக்குள் கூப்பிட்டு, "ஒரு அங்கிள் நிலம் வாங்கிப் போட்டிருக்காரு. புல்லு வெட்ட, வேலி பாக்க ஆள் வேணுமாம். தங்க டிரெய்லர் தர்றாரு. ஏசி இருக்கு" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஏசி என்றதுமே கிளம்பிவிட்டேன்.

அங்கிள் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டிக்குக் கறிவேப்பிலைச் செடிகள்தான் உலகம்; குளிர் வந்தால் தொட்டிகளை எல்லாம் கராஜுக்குள் தூக்கி வைக்க வேண்டும், அது என் வேலை. இருவரும் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார்கள். நிலத்தின் நடுவே ஒரு குளம். முன்பு மாடு வளர்த்தவர் வெட்டியது. இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் கேட்கும், அவ்வளவுதான் அகலம்.

அந்தக் குளத்தில் முதலில் புளூகில் என்ற உள்ளங்கை அகலச் சிறு மீன் நிறைய இருந்ததாம். கோயில் குளத்தில் போடுவது போல ஆன்ட்டி தினமும் பொரி போடுவார். போட்ட இடத்தில் தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வருமாம். அப்போதுதான் மகன் வீட்டில் பேரன் மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தான். ஆன்ட்டி ஓர் உயிருக்குப் பதில் ஒரு மீனைக் குளத்தில் விடுவதாக வேண்டிக்கொண்டார். வசந்த காலத்தில் தீவனக் கடை வாசலுக்கு மீன் லாரி வரும். குளம் வைத்திருப்பவர்கள் குஞ்சுகளைப் பையில் வாங்கிப் போவார்கள். லாரிக்காரர் புளூகில்லைக் காட்டியபோது ஆன்ட்டி கேட்ட ஒரே கேள்வி, எது பெரிசா வளரும் என்பதுதான். அவர் பாஸ் மீனைக் காட்டினார். நம் விராலைப் போல மற்ற மீனைப் பிடித்துத் தின்னும் சாதி. குழந்தை வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் சின்னதாகவே நின்றுவிடும் மீனை எப்படி வாங்குவார்? பாஸ் குஞ்சை வாங்கிக் குளத்தில் விட்டார். பேரன் பிழைத்தான்.

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பேரனுக்கு ஆண்டுதோறும் ஒன்று, பேத்திக்கு ஒன்று. தெரிந்த குடும்பங்கள் எல்லாம் குழந்தையின் பிறந்தநாளுக்கு, கிரீன் கார்டு வந்ததற்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு என்று பையில் பாஸ் குஞ்சு கொண்டுவந்து விட்டார்கள். வேறு மீன் யாருமே கொண்டுவரவில்லை. வளராத மீனை எந்தக் குழந்தையின் பெயரில் விடுவது? விட்டவை தாங்களாகவும் பெருகின. யாரும் ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை.

நான் போனபோது ஆன்ட்டி போடும் பொரி ஊறி, காற்று தள்ளிய பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. தின்ன வாயில்லை; புளூகில்லை எல்லாம் பாஸ் தின்று தீர்த்திருந்தது. அங்கிள் தூண்டில் போட்டு ஒரு பாஸைப் பிடித்துக் காட்டினார். தலை முழு வளர்ச்சிக்கு இருந்தது. அதற்குப் பின்னால் உடம்பு கத்தி போல ஒட்டியிருந்தது. கொக்கியை மெதுவாகக் கழற்றித் தண்ணீரில் விட்டார்.

"எல்லாம் படிச்சுட்டேன்ப்பா. சின்ன சைஸ் பாஸ் எல்லாத்தையும் எடுத்துடணும். அப்பதான் புளூகில் குஞ்சு தப்பிக்கும், அது பெருகினா மிச்சமிருக்கிற பாஸுக்கு சாப்பாடு. எடுக்கலைன்னா எல்லாமே இப்படித்தான். எடுத்தா கொல்லணும். அதான் ப்ராப்ளம்."

"வேற ஏரியில கொண்டுபோய் விட்டுடலாமே அங்கிள்."

"பெர்மிட் இல்லாம விடக்கூடாது. அதையும் விசாரிச்சுட்டேன்."

ஆன்ட்டிக்கு வேறு யோசனை இருந்தது. பசித்தால் சோறு போட வேண்டியதுதானே? லாரியில் சின்ன இரை மீன்களைப் பீப்பாய் பீப்பாயாக வரவழைத்து விட்டோம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு வைத்த வடை போலக் காணாமல் போயின. மறுபடி வரவழைத்தோம். மறுபடியும் அதே கதை.

ஆன்ட்டி நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது வேலையை முடித்துவிடலாம் என்று அங்கிள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். ஊர் ஊராகப் போகிறவனுக்கு ஒரே ஒரு சொத்து, போன இடத்துக்குத் திரும்பிப் போக முடிவது. அது மட்டுமல்ல, பேரனுக்காக விட்ட மீனை ஆன்ட்டிக்குத் தெரியாமல் எடுப்பது எனக்கே பிடிக்கவில்லை. "அவங்ககிட்ட நேரா கேளுங்க அங்கிள்" என்றேன். அவர் கேட்டார். ஆன்ட்டி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை டிரெய்லர் வாசலில் வந்து நின்றார்.

"எடுக்கறதா இருந்தா என் கண்ணு முன்னாடி எடுங்க தம்பி. ஒண்ணைக்கூட தூக்கிப் போடக்கூடாது. யாராவது சாப்பிடணும். அப்புறம் எது யாரோடதுன்னு பாத்து எடுங்க."

"எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"தெரியாதுல்ல? அதான் எனக்கு பயமா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, மீனை வாங்கிப் போக நான் கூப்பிட்டிருந்த பாய் ஒரு பெரிய ஐஸ் பெட்டியோடு வந்தார். அங்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூண்டில் போட்டோம். பசித்த மீன், போட்டதுமே கடித்தது. ஆன்ட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். முதல் மீனைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, இது எலும்பா இருக்கே. இதை விட்டுடுங்க, பாவம்."

விட்டேன். அடுத்ததும் எலும்பாகத்தான் இருந்தது. அதுவும் பாவம். அந்தக் குளத்தில் கொழுத்த மீனே கிடையாது. இளைத்ததை எடுக்க வேண்டும் என்பது வேலை. இளைத்ததைப் பார்த்தால் விடச் சொல்வது ஆன்ட்டியின் மனசு. மதியம் வரை பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தோம். சில மீன்களை இரண்டு முறை பிடித்திருப்போம் என்று நினைக்கிறேன்.

பாய் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெயிலில் நெளிந்தார். "ஆன்ட்டி, நான் கொண்டுவந்த ஐஸை நானே திருப்பி எடுத்துட்டுப் போறேன். வீட்டுல குழம்பு கூட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கா. ஐஸ்கட்டி குழம்புன்னு சொல்லிடவா?"

ஆன்ட்டி சிரித்துவிட்டார். "கோச்சுக்காதீங்க பாய். என்னால முடியல."

"கோபம் இல்ல ஆன்ட்டி. எடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க, நாங்க போயிடறோம். நடுவுல நிக்காதீங்க."

அப்போது எதிர்க்கரையில் நாணல் ஓரமாக வெள்ளையாக ஏதோ மிதப்பதை அங்கிள் பார்த்தார். நான் போய் வலையால் அள்ளி எடுத்து வந்தேன். ஒரு பாஸ், அதன் வாயில் இன்னொரு பாஸ். விழுங்கப் பார்த்தது தன்னைவிட அதிகம் சிறியதல்ல. தொண்டைக்குள் பாதி போய், செதிலும் முள்ளும் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இரண்டுமே செத்திருந்தன. ஆன்ட்டியிடம் காட்டாமல் தாண்டிப் போகப் பார்த்தேன். "கொண்டாங்க" என்றார்.

நெடுநேரம் பார்த்தார். அங்கிள் அவர் தோளில் கை வைத்தார்.

"ரெண்டுமே யாரோ குழந்தை பேர்ல விட்டதா இருக்கும்ல?"

"இருக்கலாம் ஆன்ட்டி. இங்கயே பொறந்ததாவும் இருக்கலாம்."

ஆன்ட்டி எழுந்து, நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் இங்க இருந்தா நீங்க எடுக்க மாட்டீங்க. எடுங்க. எது யாரோடதுன்னு இனிமே கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்றார். திரும்புவார் என்று நினைத்தேன். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

மாலைக்குள் பாயின் பெட்டி நிறைந்துவிட்டது. அங்கிள் தூண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாய் காரை எடுக்கும்போது ஆன்ட்டி வெளியே வந்தார். குளித்திருந்தார், தலை ஈரமாக இருந்தது. கையில் ஒரு பை நிறையக் கறிவேப்பிலை. அந்தச் செடியில் ஓர் ஈர்க்கு கேட்டாலே யோசிப்பவர்.

"மீன் குழம்புக்கு இது நிறைய போடுவாங்களாமே. ஃப்ரெஷ்ஷா இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

அதன் பிறகு ஞாயிறு தோறும் அதுதான் ஏற்பாடு. நான் பிடிப்பேன், பாய் எடுத்துப் போவார், ஆன்ட்டி கறிவேப்பிலை தருவார். குளத்துப் பக்கம் மட்டும் வரமாட்டார். பொரியை என்னிடம் கொடுத்துப் போடச் சொல்வார். "சாப்பிடுதா?" என்பார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. குளிர்காலம் முழுக்க அதே பதில்தான். வசந்தத்தில் லாரிக்காரரிடம் புளூகில் குஞ்சுகளை வாங்கிக் குளத்தில் விட்டோம். பேரன் பெயரைச் சொல்லி முதல் பையை அவிழ்த்தவர் அங்கிள். ஆன்ட்டி ஜன்னலில் நின்றிருந்தார்.

கோடை முற்றியபோது ஓரத்து மணலில் புளூகில் முட்டையிடத் தோண்டிய வட்டக் குழிகள், தட்டுகளைக் கவிழ்த்து எடுத்த தடம் போலத் தெரிந்தன. பொரி போட்டால் சின்னச் சின்ன வாய்கள் மேலே வந்தன. ஆன்ட்டியிடம் சொன்னேன். "சரி" என்றார், வரவில்லை.

ஒரு ஞாயிறு, பாய் கறிவேப்பிலைப் பையை வாங்கிக்கொண்டு கார்க் கதவைத் திறந்தவர் ஏதோ நினைவு வந்து திரும்பினார். "சொல்ல மறந்துட்டேனே ஆன்ட்டி. போன வாரத்து மீன்ல நல்லா சதை இருந்துச்சு. முன்னெல்லாம் தலையும் முள்ளும்தான்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. தலையைச் சொறிந்தார்.

"நிஜமாவா?" என்றார் ஆன்ட்டி. "எவ்வளவு சதை?"

பாய் இரண்டு விரலை அகட்டிக் காட்டினார். ஆன்ட்டி அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பொரி டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, குளத்துக்கு நடந்தார்.